கோழியின் அளவுகோலில் வாத்து: சிறு பண்ணைகளில் குஞ்சு பொரிப்பும் வளர்ப்பும்

தமிழகத்தின் நெல் விளையும் மாவட்டங்களில் வாத்து நெடுங்காலமாக நிலமில்லாதவர்களின் பறவையாக இருந்து வந்திருக்கிறது. குறுவை அறுவடை முடிந்ததும் ஒரு முறையும், சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் மற்றொரு முறையும், வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தை, புழு பூச்சிகளையும் மேய்வதற்காகச் சில நூறு முதல் சில ஆயிரம் வரையிலான வாத்துகளை ஊர் ஊராக ஓட்டிச் செல்லும் மேய்ச்சல் முறை, காவிரிப் படுகையிலும் வேலூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்து ஏரிப்பாசனப் பகுதிகளிலும் இன்றும் காணப்படுகிறது. இம்முறையில் முட்டையைப் பொரிப்பவர் ஒருவராகவும் வாத்தை மேய்த்து முட்டையெடுப்பவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கம். சிறு பண்ணையாளரோ பொரிப்பு, குஞ்சு வளர்ப்பு, முட்டை ஆகிய மூன்றையும் ஒரே வேலிக்குள் செய்ய முற்படுகிறார். அதற்குக் கைகொடுக்கும் அறிவும் கருவியும் தீவனமும் பெரும்பாலும் கோழி வளர்ப்பிலிருந்து இரவலாக வந்தவையாக இருக்கின்றன. முதல் மாதத்தில் நேரும் குஞ்சு இழப்புகளைக் காரணவாரியாகப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி வாத்தைச் சற்றுப் பெரிய கோழியாக எண்ணி நடத்தியதன் விளைவு என்பது புலப்படும். இக்கட்டுரை பொரிப்பிலும் வளர்ப்பிலும் அந்த வேறுபாடு எங்கெங்கே வெளிப்படுகிறது என்பதை ஆராய்கிறது.

வாத்துக்கு நோயே வராது என்று கிராமங்களில் நிலவும் நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. கோழிகளைக் கூண்டோடு அழிக்கும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், வாத்துகளை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஈரமும் சேறும் கோழிக்குக் கேடாவதுபோல் வளர்ந்த வாத்துக்கு ஆவதில்லை. ஆனால் இந்த உறுதி வளர்ந்த பறவைக்கு உரியது. முட்டைக்குள் இருக்கும் கருவும் முதல் மூன்று வாரக் குஞ்சும் சில வகைகளில் கோழிக்குஞ்சைவிடவும் எளிதில் கெடக்கூடியவை.

மஸ்கோவி ஒன்று நீங்கலாக, உலகெங்கும் வளர்க்கப்படும் வாத்தினங்கள் எல்லாம் வட அரைக்கோளத்தின் நீர்நிலைகளில் வாழும் மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் வழிவந்தவை. மஸ்கோவி தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் காடுகளைத் தாயகமாகக் கொண்ட தனி இனம். தமிழகத்தின் மேய்ச்சல் மந்தைகளில் காணப்படும் ஆரணி, சன்னியாசி, கீரி எனப்படும் நாட்டு வகைகளும், கேரளத்துக் குட்டநாட்டின் சாரா, செம்பல்லி வகைகளும் முதல் வழியைச் சேர்ந்தவை. முட்டைக்கெனப் பரவலாக வளர்க்கப்படும் காக்கி கேம்ப்பெல் இனத்தை இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் பகுதியில் அடீல் கேம்ப்பெல் என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கத் தொடங்கினார். அதன் மூதாதைகளுள் ஒன்றான இந்தியன் ரன்னர், பெயரில் இந்தியாவைத் தாங்கினாலும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து சென்ற வாத்து. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடக்கூடிய காக்கி கேம்ப்பெல்லின் தூய குஞ்சுகளை, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இயங்கிவந்த மத்திய வாத்து இனப்பெருக்கப் பண்ணை நாட்டின் பல பகுதிகளுக்கும் வழங்கி வந்தது.

முட்டை உற்பத்திக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுக்கப்பட்ட இனம் எதுவானாலும் அது அடைபடுக்கும் இயல்பை இழந்துவிடுகிறது. அடையில் அமர்ந்த பறவை முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால், அடிக்கடி அடைபடுக்கும் பறவைகளைக் கழித்துக்கொண்டே வந்ததன் பலன் இது. காக்கி கேம்ப்பெல் ஏறக்குறைய முற்றிலுமாகவும், நாட்டு மேய்ச்சல் வாத்து பெருமளவிலும் இவ்வாறு தாய்மையைக் கைவிட்டவை. மஸ்கோவி மட்டும் 35 நாள் பொறுமையாக அடையிருந்து தன் குஞ்சைத் தானே வளர்க்கும். ஆகவே மற்ற இனங்களில் முட்டையின்மேல் யார் அமர்வது என்பதே சிறு பண்ணையின் முதல் வினாவாகிறது.

பழைய விடை அடைக்கோழி. நாட்டுக்கோழி ஒன்றின் உடலுக்கடியில் எட்டு முதல் பத்து வாத்து முட்டைகள் அடங்கும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள் என்பதால், கோழி தன் இயல்பான கெடுவைக் கடந்து ஒரு வாரம் கூடுதலாக அமர வேண்டியிருக்கிறது. பெரும்பாலான அடைக்கோழிகள் முட்டை அடியில் இருக்கும்வரை அமர்ந்திருக்கும் என்றாலும், ஏற்கெனவே பல நாள் வெறுங்கூட்டில் அடைபடுத்துக் களைத்த கோழியையோ செள் பிடித்த கோழியையோ தேர்ந்தெடுத்தால் மூன்றாம் வாரத்தில் அது எழுந்து போய்விடும். ஒரே நாளில் இரண்டு மூன்று கோழிகளை அடைவைத்து, கருக்கூடாத முட்டைகளைக் கழித்தபின் எஞ்சியவற்றை ஒன்றிரண்டு கோழிகளுக்கு அடியில் சேர்த்துவிடுவதும், பொரித்த குஞ்சுகளை ஒரே கோழியிடம் ஒப்படைப்பதும் அனுபவமுள்ளோர் கையாளும் முறைகள். கோழியிடம் இல்லாதது ஈரம். காட்டு வாத்து நீரிலிருந்து நனைந்த அடிவயிற்றோடு கூட்டுக்குத் திரும்புகிறது. கோழியின் இறகு எப்போதும் உலர்ந்தே இருக்கும். எனவே அடையின் பிற்பாதியில் வெதுவெதுப்பான நீரை முட்டைகளின்மேல் நாள்தோறும் லேசாகத் தெளிக்க வேண்டியிருக்கிறது.

கோழிக்கும் மின்சாரத்துக்கும் இடைப்பட்ட ஒரு மரபு ஆசியாவின் நெல் நாடுகளில் வளர்ந்திருப்பது இங்கே கவனிக்கத்தக்கது. சீனத்திலிருந்து பரவியதாகக் கருதப்படும் அம்முறையில், பிலிப்பைன்ஸில் மணிலாவை அடுத்த பதேரோஸ் போன்ற ஊர்களில், சூடாக்கிய நெல்லை நிரப்பிய பைகளையும் முட்டைப் பைகளையும் மூங்கில் கூடைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்தார்கள். வங்கதேசத்தில் அதே கொள்கை உமியை வைத்துச் செயல்படுகிறது. கருவளர்ச்சி பாதியைத் தாண்டிய முட்டை தானே வெப்பத்தை வெளியிடுவதால், முதல் தொகுதிக்கு மட்டும் வெளிச்சூடு கொடுத்துவிட்டு, அதன்பின் மூத்த முட்டைகளின் வெப்பத்தாலேயே இளைய முட்டைகளை வளர்ப்பது இதன் நுட்பம். எரிபொருள் செலவு மிகக் குறைவு; ஆனால் முட்டையைக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்க்கும் கைப்பழக்கமும், சில நாளுக்கொருமுறை புதுத் தொகுதி சேர்க்கும் அளவுக்கு முட்டை வரத்தும் வேண்டும். ஐம்பது வாத்துகள் வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. பல வீட்டார் சேர்ந்து செய்தால் பொருந்தலாம்.

இன்று சிறு பண்ணைகளை எட்டியிருப்பது ஐம்பது, நூறு முட்டை கொள்ளும் சிறிய இன்குபேட்டர். காற்றைச் சுழற்றும் விசிறி உள்ள வகையில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். விசிறி இல்லாத வகையில் சூடான காற்று மேலே தேங்குவதால், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் ஏறத்தாழ ஒரு பாகை கூட்டி வைக்கப்படுகிறது. மின்வெட்டைப் பற்றிய அச்சம் பொதுவாக மிகைப்பட்டது. சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கிக்கொண்டு ஓரிரு நாள் தாமதமாகப் பொரிக்கும். அதே சில மணி நேரம் 40 பாகையைத் தாண்டினால் இறந்துவிடும். வெயிற்காலத்தில் தகரக் கூரையின்கீழ் இன்குபேட்டரை வைப்பவர்கள் மின்வெட்டைக் காட்டிலும் இந்தச் சூட்டுக்கே அஞ்ச வேண்டும்.

பொரிப்பு வீதம் குறையும்போது கருவியைக் குறை கூறுவது எளிது. குறை பெரும்பாலும் கருவிக்குள் நுழையுமுன்பே முட்டையில் இருக்கிறது. மேய்ச்சல் மந்தைகளில் முட்டை விற்பனையே நோக்கம் என்பதால் ஆண் வாத்துகள் மிகச் சிலவே விடப்படுகின்றன. அத்தகைய மந்தையிலிருந்து மலிவாக வாங்கிய முட்டைகளை அடைவைப்பவர் கூமுட்டைகளையே மிகுதியாகக் காண்பார். பொரிப்புக்கான முட்டை வேண்டுமெனில் ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் என்ற அளவு தேவை. வாத்து பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் பின்னும் சில மணி நேரத்துக்குள் முட்டையிட்டு முடித்துவிடுவதாலும், இடம் பார்க்காமல் சேற்றிலேயே இட்டுவிடுவதாலும், காலை எட்டு, ஒன்பது மணி வரை பட்டியிலேயே அடைத்து வைத்து, உலர்ந்த வைக்கோல் பரப்பிலிருந்து முட்டையைச் சேகரிப்பது அவசியம். ஓட்டின்மேல் படர்ந்திருக்கும் மெல்லிய புறப்படலம் நுண்துளைகள் வழியே கிருமி நுழைவதைத் தடுக்கிறது. குளிர்ந்த நீரில் கழுவினால் அப்படலம் போவதோடு, உள்ளே சுருங்கும் முட்டை அழுக்கு நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அழுக்கடைந்த முட்டையை உணவுக்கு ஒதுக்கிவிடுவதே மேல். சேமிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. கரு முழுமையாக உறங்குவதற்கு 20 பாகைக்குக் குறைவான சூழல் வேண்டும். சித்திரை வைகாசியில் 35 பாகை வெப்பத்தில் கூடையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, அடைவைக்கும் முன்பே இறந்துபோகிறது. குளிர்ந்த இடம் இருந்தால் ஒரு வாரம், இல்லையெனில் மூன்று நான்கு நாள் என்பதே சேமிப்பின் எல்லை. கோடையில் அடைவைக்காமல் இருப்பது அதைவிட நல்ல தீர்வு.

ஈரப்பதம் பற்றிக் கையேடுகளிடையே ஒத்த கருத்து இல்லை. அடைக்காலத்தில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காட்டை நீராவியாக இழக்க வேண்டும் என்பதும், அந்த இழப்பால் மழுங்கிய முனையில் விரியும் காற்றறையிலிருந்தே குஞ்சு தன் முதல் மூச்சை எடுக்கிறது என்பதும் பொதுவான அடிப்படை. இழப்பு குறைந்தால் குஞ்சு ஊறிப் பருத்து ஓட்டுக்குள் திரும்ப இடமின்றி மூழ்கும்; மிகுந்தால் உட்சவ்வு உலர்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். முதல் 25 நாள் 55 முதல் 60 விழுக்காடும், கடைசி மூன்று நாள் 70 விழுக்காட்டுக்கு மேலும் ஈரப்பதம் வேண்டும் என்று ஒரு சாரார் வகுக்க, இந்தியப் பரிந்துரைகள் பல இன்னும் கூடுதலான ஈரத்தையும், நாள்தோறும் முட்டையை வெளியே எடுத்து அரை மணி நேரத்துக்கு மிகாமல் ஆறவிட்டு வெந்நீர் தெளிப்பதையும் வலியுறுத்துகின்றன. ஆறவிடுவதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது: வாத்து முட்டையின் கொழுப்பு மிகுந்த மஞ்சள்கருவை எரித்து வளரும் கரு, கடைசி பத்து நாளில் சுற்றுக்காற்றைவிடச் சூடாகிவிடுகிறது. காற்றோட்டம் குறைந்த மலிவான கருவிகளில் இது பயன் தரும். நல்ல காற்றோட்டமுள்ள கருவியில் அதன் தேவை குறைகிறது, தெளிக்கும் நீர் தூய்மையாக இல்லாவிட்டால் கேடாகவும் முடியும். எந்த எண்ணைப் பின்பற்றுவது என்று குழம்புவதைவிட, பத்து முட்டைகளை வாரந்தோறும் நிறுத்து எடை குறையும் வேகத்தைக் கண்டு ஈரத்தைக் கூட்டிக் குறைப்பது நம்பகமானது. சமையலறைத் தராசே போதும்.

மீதி வேலைகள் கோழிக்குச் செய்வனவே. 25ஆம் நாள் வரை நாளுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் முட்டையைத் திருப்பிவைக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் சிலந்தி வடிவில் இரத்த நாளங்கள் தெரியும். வெறுமையாகத் தெரிபவற்றை நீக்கிவிடலாம். ஓட்டில் முதல் விரிசல் கண்டபின் குஞ்சு வெளிவர ஒரு நாளும், சில வேளை இரண்டு நாளும் ஆகும் என்பது கோழிக்குப் பழகிய கண்ணுக்குப் பதற்றம் தரும். அந்த இடைவெளியில் குஞ்சு சவ்விலுள்ள இரத்தத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டும், எஞ்சிய மஞ்சள்கருவை வயிற்றுக்குள் ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. இரக்கத்தோடு ஓட்டை உரிக்கும் கை, அந்த நாளங்களை அறுத்துக் குஞ்சைக் கொன்றுவிடுகிறது. உள்வாங்கிய மஞ்சள்கரு ஓரிரு நாளுக்கு உணவாவதால்தான் ஒரு நாள் வயதுக் குஞ்சுகளைத் தீனியின்றி நெடுந்தொலைவு அனுப்ப முடிகிறது.

பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 30 பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும். வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தமிழகத்தின் கோடையில் பத்து நாளிலும், மார்கழிக் குளிரில் மூன்று வாரத்திலும் விளக்கை அகற்றிவிடலாம். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு என்பதைப் பார்ப்பவருக்கு வெப்பமானி கூட இரண்டாம்பட்சம்.

நீரைக் கையாள்வதில்தான் கோழிக் கணக்கு முழுதாகப் பொய்க்கிறது. வாத்துக்குஞ்சு உலர்ந்த மாவுத் தீவனத்தை நீரின்றி விழுங்க முடியாமல் திணறும். தீனியும் நீரும் அருகருகே, எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும். அலகையும் மூக்குத்துளைகளையும் அலசிக்கொள்ளும் ஆழம் நீருக்கு வேண்டும். குஞ்சே உள்ளே இறங்கிவிடும் அகலம் கூடாது. தாயின் சிறகடியில் வளராத குஞ்சின் பூமயிர் நீண்ட நேரம் நீரில் இருந்தால் ஊறிவிடும்; நீந்தத் தெரிந்திருந்தும் குஞ்சு குளிரில் விறைத்து இறக்கும். வாத்துதானே என்று முதல் வாரத்திலேயே தொட்டியில் விட்டு இழப்பவர்கள் உண்டு. நான்கு வாரம் வரை நீந்தவிடாமல் வைத்தால் குஞ்சுக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. மறுபுறம், குஞ்சுகள் சிதறும் நீரால் உமிப்படுக்கை ஓரிரு நாளில் சகதியாகும். ஈரப்படுக்கையில் பூஞ்சையும் அம்மோனியா நெடியும் கிளம்பிக் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். தண்ணீர்த் தட்டைக் கம்பிவலை போட்ட சிறு பள்ளத்தின்மேல் வைத்து, சிதறும் நீர் வெளியே வடிந்தோடச் செய்வது, எந்த மருந்தையும்விடக் குஞ்சைக் காக்கும் ஏற்பாடு.

தீவனத்தில் இரண்டு செய்திகள் அடிப்படையானவை. முதலாவது பூஞ்சை நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் இறந்தன, வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டு, அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிடப்பட்டது. அந்நஞ்சுக்கு வாத்துக்குஞ்சின் ஈரல் மிக எளிதில் பாதிக்கப்படுவதால், வேதியியல் சோதனைகள் வளரும்வரை ஒரு நாள் வயது வாத்துக்குஞ்சையே ஆய்வகங்கள் நஞ்சு காட்டும் கருவியாகப் பயன்படுத்தின. கோழி தாங்கிக்கொள்ளும் அளவு நஞ்சு வாத்துக்குஞ்சைக் கொல்லும். வீட்டில் மிஞ்சிய கடலைப் புண்ணாக்கும் மழையில் நனைந்து உலர்ந்த மக்காச்சோளமும் மலிவான புரதமாகவும் மாவுச்சத்தாகவும் தோன்றுவதே இங்குள்ள ஆபத்து. வேகவைத்தாலும் இந்நஞ்சு எளிதில் அழிவதில்லை. முதல் எட்டு வாரத்துக்கேனும் கடலைப் புண்ணாக்கைத் தவிர்த்து, மீன்தூள், சோயாப் புண்ணாக்கு, குருணை, நல்ல தவிடு ஆகியவற்றைக் கொண்டு 20 விழுக்காடு புரதமுள்ள கலவை தயாரிப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது நியாசின் என்னும் பி-வகை வைட்டமின். வாத்துக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 55 மில்லிகிராம் நியாசின் தேவை. இது கோழிக்குஞ்சின் தேவையைவிட வெகுவாகக் கூடுதல். கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டும் தின்று வளரும் வாத்துக்குஞ்சுகளில் சில, இரண்டு மூன்று வாரத்தில் கால் வளைந்து, கணு வீங்கி, தீனித்தட்டுக்கு எட்ட முடியாமல் பின்தங்குவது இக்குறையால்தான். பலரும் இதை வாதம் என்றோ கொள்ளைநோய் என்றோ தவறாகக் கொள்கிறார்கள். மக்காச்சோளத்தில் நியாசின் குறைவு. இருப்பதும் செரிக்காத பிணைப்பில் கிடக்கிறது. ஈஸ்ட் தூள், மீன்தூள், வைட்டமின் கலவை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் குறை வராது. மேய்ச்சல் மந்தைக் குஞ்சுகளில் இக்கோளாறு அரிதாகத் தோன்றுவதற்கு, அவை தின்னும் பூச்சியும் நத்தையும் காரணமாக இருக்கக்கூடும்.

மேய்ச்சலின் பொருளாதாரமும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. கொட்டிலிலேயே வளரும் ஒரு காக்கி கேம்ப்பெல் 20 வாரம் வரை சுமார் 12.5 கிலோ தீவனம் தின்னும். அதை முழுவதும் விலைக்கு வாங்குபவருக்கு முட்டை விற்பனை தாமதமாகவே லாபம் தரும். வயலும் குட்டையும் அசோலாத் தொட்டியும் அச்செலவின் ஒரு பகுதியை ஏற்கின்றன. தமிழகத்தில் வாத்து அறுவடைக்குப் பின் வயலுக்கு வர, ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி விவசாயி தகாவோ ஃபுருனோ 1980களின் பிற்பகுதியிலிருந்து அதை நடவுக்குப் பின்னேயே வயலில் இறக்கினார். ஓரிரு வார வயதுக் குஞ்சுகள் நெல் வரிசைகளுக்கிடையே களையையும் பூச்சியையும் தின்று, எச்சத்தால் உரமிட்டு, கதிர் பிடிக்கும் முன் வெளியேற்றப்பட்டன. அந்த இளம் வயதில் நீருக்குப் பழக்குவதற்கு முன்கூட்டிய படிப்படியான பயிற்சியும், வேலியும், கரையில் உலர்ந்த ஒதுங்கிடமும் அங்கே இன்றியமையாதவை. அவற்றை விட்டுவிட்டு வயதை மட்டும் பின்பற்றுவது மேற்சொன்ன குளிர் இழப்பையே தரும். மேய்ச்சல் முறையின் மலிவுக்கு வேறொரு விலையும் உண்டு என்பதை ஆய்வாளர்கள் மறந்துவிடக் கூடாது: வாத்து மேய்ப்பில் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த குடும்பங்களும் சிறுவர்களும் மீட்கப்பட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்திருக்கின்றன.

மந்தையைக் கோல் ஒன்றால் ஓட்ட முடிவதற்குப் பின்னால் ஓர் உயிரியல் உண்மை இருக்கிறது. பொரித்த முதல் நாளில் கண்ணெதிரே அசையும் உருவத்தைத் தாயாகப் பதித்துக்கொள்ளும் இயல்பு வாத்துக்குஞ்சுக்கு உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் வாத்தின் உறவான சாம்பல் நிறக் காட்டுப் பெருவாத்துகளிடம் விரிவாக ஆராய்ந்த இந்நிகழ்வு, மல்லார்டு குஞ்சுகளில் பொரித்து 13 முதல் 16 மணி நேரத்தில் உச்சமடைவதாக எக்கார்டு ஹெஸ் 1959இல் எழுதினார். முதல் தீனியைத் தன் கையால், ஒரே குரலோடு கொடுப்பவரைக் குஞ்சுகள் பின்தொடரும். சிறு பண்ணையில் மாலையில் பட்டிக்குத் திருப்பும் வேலையில் பாதியை இது மிச்சப்படுத்துகிறது; கீரி, பூனை, பெருச்சாளி ஆகியவற்றுக்கு இரையாகாமல் காப்பதும் அந்த மாலைத் திருப்பல்தான்.

நோய்களில் மூன்று தனியே குறிப்பிடத்தக்கவை. வாத்து ஈரல் அழற்சி மூன்று நான்கு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளைத் தாக்கி, தலை முதுகுப்புறம் வளைந்த நிலையில் சில மணி நேரத்தில் கொல்லும். பெரிய வாத்துகள் அதே பட்டியில் நலமாக இருக்கும். 1923இல் நெதர்லாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட வாத்துக் கொள்ளைநோய் எவ்வயதிலும் வரும். எட்டு முதல் பன்னிரண்டு வார வயதில் போடும் தடுப்பூசி அதைத் தடுக்கிறது. பறவைக் காய்ச்சலில் வாத்தின் இடம் சிக்கலானது: வைரஸின் சில வகைகளை நோயின்றியே சுமந்து பரப்பக்கூடிய வாத்து, வேறு சில வகைகளால் பெருமளவில் மடியவும் செய்கிறது. 2014இல் குட்டநாட்டில் கண்ட எச்5என்1 தாக்குதலும் அதன்பின் வந்தவையும் மேய்ச்சல் மந்தைகளின் நடமாட்டத்தை மாநில எல்லைகளில் கட்டுப்படுத்தின. இத்தகைய தடைகளின்போது வெளிமாநிலக் குஞ்சுகளை நம்பியிருப்போர் உள்ளூர்ப் பொரிப்பை நாட வேண்டியிருக்கும். சிறு பண்ணைப் பொரிப்புக்கு இன்று இருக்கும் வலுவான காரணங்களுள் இதுவும் ஒன்று. வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளை இரண்டு வாரமேனும் தனியே வைத்த பின்னரே சேர்க்கலாம்.

பொரித்தவற்றில் ஏறத்தாழ பாதி ஆணாக இருக்கும் என்பது பொரிப்புக் கணக்கில் அடிக்கடி விடுபடும் செலவு. பறவைகளில் அரிதான புணர் உறுப்பு ஆண் வாத்துக்கு இருப்பதால், பழகிய கை முதல் நாளிலேயே குஞ்சின் எச்சத்துளையை மெல்ல விரித்துப் பாலினம் பார்த்துவிடும். பழகாதவர் முயன்றால் குஞ்சுக்குக் காயம் நேரும். காத்திருக்க முடிந்தவருக்கு எட்டாம் வாரத்துக்குள் குரலே சொல்லிவிடுகிறது: பெட்டை உரக்கக் கத்தும், ஆண் கரகரத்த தாழ்ந்த ஒலி எழுப்பும்; பின்னர் ஆணின் வால் நடுவே சுருண்ட இறகு முளைக்கும். ஆனால் அந்த எட்டு வாரமும் ஆண் குஞ்சுகள் பெட்டைக்கு நிகராகத் தின்கின்றன. சதைப்பற்று குறைந்த காக்கி கேம்ப்பெல் ஆணுக்கு இறைச்சிச் சந்தையில் விலை குறைவு. நாட்டு வாத்துக்கோ, மஸ்கோவிக்கோ வட மாவட்டங்களிலும் பண்டிகைக் காலக் கேரளத்திலும் கேட்பு உண்டு. ஆகவே முட்டைக்கு மட்டும் வாத்து வேண்டுபவர் பாலினம் பிரித்த பெட்டைக்குஞ்சுகளை வாங்குவதும், இறைச்சிக்கும் சந்தை உள்ளவர் தாமே பொரிப்பதும் கணக்குக்கு ஒத்துவரும்.